பசை

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது 'கல்லூரி தந்த ஒழுக்கம்' என்று ஏதாவது இரண்டு பக்கம். நான் மாடு வெட்டுகிற சீனத்துச் சமையற்காரன் ஒருவனைப் பற்றி எழுதப்போகிறேன். சைவக் கல்லூரி மலரில் இது அடுக்குமா என்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். மரவேலை மாஸ்ரர் காலமான செய்தி வட்ஸ்அப்பில் வந்த கிழமை, ஸ்காபரோ நூலகத்தில் எடுத்து வந்து நான் வாசித்துக்கொண்டிருந்தது அந்தக் கதையைத்தான்.

எங்களுக்கு அவர் 'சும்மா மாஸ்ரர்'. எந்தப் பிரிவு வைத்த பெயரோ தெரியாது, நாங்கள் போனபோதே இருந்தது. சொல்ல வேண்டியதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டு, மேற்கு யன்னலடியில் சாணைக்கல்லோடு இருந்துவிடுவார். மணி அடிக்கும்வரை அந்தச் சத்தம்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு உளி தீட்டுகிற மனுசன் என்று கன்ரீனடியில் கதைப்போம்.

1984, 9ஆம் வகுப்பு. ஆளுக்கொரு ஸ்டூல் செய்யவேண்டும். துளைக்குள் செருகவேண்டிய கால் முனை, அதாவது கழுந்து, துளையைவிட ஒரு நூல் பெருத்துவிட்டது. கழற்றிச் சீவப் பஞ்சி. கொட்டாப்புளியால் நாலு போடு போட்டேன். ஐந்தாவதில் கால் வெடித்தது. நான் மட்டும் செய்தேன் என்று சொல்லாதீர்கள்: மரத்தூளைப் பசையில் குழைத்து வெடிப்பில் அப்பி, மேலே வார்னிஷைத் தடிப்பாகப் பூசினேன். கண்ணாடி மாதிரி மினுங்கியது.

மாஸ்ரர் அதைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பெருவிரல் நகத்தால் ஒரு கோடு இழுத்தார். பசை பொருக்கு வாங்கி உதிர்ந்தது. நகத்தில் ஒட்டியிருந்ததை வகுப்பு முழுவதற்கும் காட்டினார். ஒன்றும் பேசவில்லை. பின் வாங்கு வரை எல்லோரும் பார்த்து முடிந்த பிறகுதான் கேட்டார்:

"மரம் விடாத இடத்துக்குள்ள நீ ஏனடா போனனி?"

அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'பசை'. இந்த யூலை ஒன்றுகூடலிலும் ஒருவன் என் பேரப்பிள்ளைக்கு முன்னால் அப்படிக் கூப்பிட்டான். சரி, இருக்கட்டும்.

இனிச் சமையற்காரன். சுவாங் ட்சு என்ற கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஞானியின் பெயரில் வழங்கும் நூலில், 3ஆம் அத்தியாயத்தில் வருகிறான். பெயர் திங். வென்ஹுய் என்ற அரசனுக்கு முன்னால் மாடு ஒன்றைப் பிரிக்கிறான். கை படுகிறது, தோள் சாய்கிறது, முழங்கால் அழுத்துகிறது, கத்தி தாளம் தப்பாமல் போகிறது. அரசன் வாயைப் பிளக்கிறான். திங் சொல்கிறான்: சாதாரண ஆட்கள் மாதம் ஒரு கத்தி மாற்றுவார்கள், கொத்துவதால். நல்ல சமையற்காரன் வருடம் ஒன்று, வெட்டுவதால். என் கத்திக்கு 19 வருடம். ஆயிரக்கணக்கான மாடு பார்த்தும் இப்போதுதான் கல்லில் தீட்டியது போல இருக்கிறது. மூட்டுக்குள் இடைவெளி உண்டு, அலகுக்குத் தடிப்பில்லை, அந்த இடைவெளிக்குள் அது போய்வருகிறது.

பேச்சாளர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது பிறகு வருவது. சிக்கலான முடிச்சு ஒன்று வந்தால் தனக்கே பயம் வரும் என்கிறான் திங். பார்வையை அதில் ஊன்றி, வேகத்தைக் குறைத்து, கத்தியை மிக மெல்ல அசைப்பானாம். சட்டென்று எல்லாம் மண்கட்டி போலக் கழன்று விழும். கத்தியைத் துடைத்து வைத்துவிடுவான்.

வாசித்ததும் நூலை மூடிவிட்டேன். என் ஸ்டூலுக்குப் புதுக் கால் போட்டது மாஸ்ரர்தான். கழுந்தைத் துளை வாயில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். சீவுளியால் ஒரே ஒரு சீவல், வெங்காயத் தோல் போல. திரும்ப வைத்தார். கொட்டாப்புளியால் இரண்டு தட்டு. ஏறி, இருக்கவேண்டிய இடத்தில் நின்றது. தேங்காயெண்ணெய்த் துணியால் சீவுளியைத் துடைத்து வைத்துவிட்டு யன்னலடிக்குப் போய்விட்டார்.

சீனர் இதை 'வூ வெய்' என்கிறார்கள். செய்யாமை என்று நேரே தமிழாக்கினால், உடனே நம்மவர்கள் 'சும்மா இரு' என்று நம் சித்தாந்தத்தோடு கொண்டுபோய் முடிந்துவிடுவார்கள். நான் ஒப்பமாட்டேன். திங் சும்மா இருக்கவில்லை, மாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். வலிந்து செய்யாமை என்றால் கிட்ட வரும். பெரிய நாட்டை ஆள்வது சின்ன மீன் சமைப்பது போல என்று இன்னொரு சீன ஞானி லாவோ ட்சு சொன்னதாகத் தாவோ தே ஜிங் நூலில் இருக்கிறது. சூடை மீனைச் சட்டியில் கிண்டிப் பார்த்தவர்களுக்கு உரை வேண்டாம். எளிமைக்கு அவர் பிடிக்கும் சொல் 'பூ'. நம் பூவல்ல, உளி படாத மரம் என்று பொருள். வார்னிஷ் பூசியவனுக்கு அது உறைக்கிறது.

ஏன் மாஸ்ரர் எதையும் விளக்கவில்லை என்று ஒரு மனக்குறை எனக்கு நெடுநாள் இருந்தது. அதே சுவாங் ட்சு நூலில் சில்லுச் செய்கிற பியென் என்ற கிழவன் வருகிறான். வயது 70. தளர்வாகவும் இல்லாமல் இறுக்கமாகவும் இல்லாமல் செதுக்குவது கைக்குத் தெரியும், வாயால் சொல்ல வராது, மகனுக்கே சொல்லிக்கொடுக்க முடியவில்லை என்கிறான். மாஸ்ரரிடம் இதைக் காட்டியிருந்தால் ஒரு தலையாட்டல் கிடைத்திருக்கும். அதற்கு மேல் கிடைத்திருக்காது.

லாவோ ட்சு நாடு கெடுவதைக் கண்டு வெளிக்கிட்டவராம். எல்லைக் கணவாயில் காவலன் யின் சி மறித்து, போகமுன் எங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்றானாம். ஏறக்குறைய ஐயாயிரம் எழுத்தில் அந்தத் தாவோ தே ஜிங்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். பிறகு அவர் எங்கே போனார், எப்படி முடிந்தார் என்று எவருக்கும் தெரியாது. 1993இல் யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளாலிக் கடல்நீரேரியால் நான் வெளிக்கிட்டபோது என்னிடம் கேட்டது வெளியேறும் பாஸ் மட்டும்தான். நானும் எவரிடமும் எதையும் எழுதி வாங்கவில்லை.

முதல்நாள் பின்னேரம் சொல்லிக்கொள்ள மாஸ்ரர் வீட்டுக்குப் போனேன். வேப்பமரத்தடியில் உளி தீட்டிக்கொண்டிருந்தார். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார்:

"அந்த ஸ்டூல் ஆடுதோ?"

"இல்லை சேர்."

அவர் போட்ட கால் ஆடவில்லை. நான் போட்ட மற்ற மூன்றில் ஒன்றுக்குக் கீழே மட்டையை மடித்து வைத்து, அதில் இருந்துதான் அம்மா அப்போது எனக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தா.