ஓ.டி. போட்டா அட்டெண்டன்ஸ் வரும், பாடம் வராது: ஃபுட்பால் ஆடிக்கிட்டே பி.காம் முடிச்ச கதை

ஆறாவது செம் ரிசல்ட் வந்தாச்சு. அரியர் இல்ல, ஃபர்ஸ்ட் கிளாஸ். என்கூட டீம்ல சேர்ந்த பயலுவள்ல பாதிப் பேருக்கு இன்னும் பேப்பர் நிக்குது, அதுல என்னைவிட மூளை உள்ளவனும் உண்டு, அதான் இத எழுதுறேன். காலேஜ் டீம்ல ஆடுற ஜூனியர்களுக்கு, அதுலயும் குமரி மாவட்டத்து கடற்கரை ஊர்கள்லேர்ந்து தினமும் பஸ் ஏறி வந்து, படிச்சு, ஆடி, இருட்டினப்புறம் வீட்டுக்குப் போற பயலுவளுக்கு. ஹாஸ்டல்காரங்களுக்கு இதுல பாதி பொருந்தாது. இன்டெர்னல் 25, எக்ஸ்டெர்னல் 75, அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன்.

நான் சொல்லப்போறது முக்கியமா ஒண்ணுதான். மேட்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சப்ஜெக்ட் சார், மிஸ் முன்னாடியும் நேர்ல போய் நில்லுங்க. திரும்பி வந்தப்புறம் இல்ல. போறதுக்கு முன்னாடி.

எல்லாரும் நினைக்கிறது என்னன்னா பி.டி. சார் ஓ.டி. லெட்டர் (ஆன் டியூட்டி, காலேஜுக்காக ஆடப் போனதால கிளாஸ்ல இல்லன்னு சொல்ற லெட்டர்) குடுத்துட்டாரு, நம்ம வேலை முடிஞ்சுதுன்னு. லெட்டர் அட்டெண்டன்ஸத்தான் காப்பாத்தும் மக்கா, அந்த நாலு நாள் கிளாஸ்ல போட்டுக்குடுத்த ப்ராப்ளத்த அது வந்து உனக்கு சொல்லித்தராது. ஆகஸ்ட் செப்டம்பர்ல இன்டர்காலேஜ் வந்துரும், அதே நேரத்துலதான் முதல் இன்டெர்னல் வரும், அது முடிஞ்சு யுனிவர்சிட்டி டீம் செலக்‌ஷன், கேம்ப், அப்புறம் மத்த யுனிவர்சிட்டி டீம்களோட ஆடுற சவுத் ஜோன், இதுக்கு நடுவுல நவம்பர் செமஸ்டர் வந்து உக்காந்திருக்கும். ஆட் செம்ல, அதாவது 1, 3, 5-வது செம்ல, ஃபுட்பால்காரனுக்கு உருப்படியா கிளாஸ்ல உக்கார கிடைக்கிறது ரொம்ப கொஞ்சம்.

நான் என்ன பண்ணேன்னா ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி அதுல கோடு போட்டேன். தேதி, பேப்பர், நான் இல்லாத நாள்ல எந்த போர்ஷன் ஓடும், டெஸ்ட் இல்லன்னா அசைன்மென்ட் இருக்கா, கடைசியா ஒரு கட்டம் கையெழுத்துக்கு. ஸ்டாஃப் ரூம்ல போய் நின்னு, "சார் வியாழக்கிழமைலேர்ந்து மேட்ச், நீங்க என்ன நடத்தப்போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க"ன்னு கேட்டு அவங்க முன்னாடியே எழுதி கையெழுத்து வாங்கிருவேன். முதல் தடவை காஸ்டிங் (காஸ்ட் அக்கவுண்டிங்) சார் நோட்ட வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்துட்டு, "என்னடே, வவுச்சர்ல கையெழுத்து வாங்குற மாதிரில்லா வாங்குத"ன்னாரு. சிரிச்சுட்டுதான் போட்டாரு. ஆனா அதுக்கப்புறம் நான் திரும்பி வந்த அன்னைக்கு அவரே கூப்பிட்டு, "லேபர் காஸ்ட் முடிச்சாச்சு, ஓவர்ஹெட் அந்த மூணு சம்மும் பாரு"ன்னு சொல்லிருவாரு. கையெழுத்துப் போட்டவங்களுக்கு நம்ம முகம் ஞாபகம் இருக்கும், அவ்ளோதான் விஷயம். எல்லா ஸ்டாஃபும் அப்படி இல்ல, ஒரு மிஸ் கடைசி வரைக்கும் கையெழுத்து போடவே இல்ல, "விளையாடப் போறதுக்கு நான் எதுக்குப்பா கையெழுத்து போடணும்"ன்னாங்க. அவங்க பேப்பர்ல போர்ஷன மட்டும் கேட்டு நானே எழுதி வச்சுக்கிட்டேன்.

இந்த நோட்டு என்னைக் காப்பாத்தினது ரெண்டாம் வருஷம். நான் மேட்ச்ல இருந்த அன்னைக்கு வச்ச இன்டெர்னலுக்கு ஆப்சென்ட்னு முட்டை போட்டு அனுப்பிட்டாங்க. கேட்டா டிபார்ட்மென்டுக்கு லெட்டரே வரலங்கறாங்க, ஆபீஸ்ல கேட்டா ஃபைல்ல இருக்குங்கறாங்க, நடுவுல நான் பந்து மாதிரி அலையுறேன். கடைசியில நோட்ட காட்டினேன், அன்னைக்கு மேட்ச்னு முன்கூட்டியே எழுதி காஸ்டிங் சாரே போட்ட கையெழுத்து. மறுபடியும் டெஸ்ட் வச்சாங்க. இல்லன்னா அந்த பேப்பர் அங்கயே போயிருக்கும், 25-ல ஒண்ணுமே இல்லாம 75-ல மட்டும் 40 தேத்துறது காஸ்டிங்ல நடக்கிற காரியமா?

அதனால லெட்டர் விஷயத்துல:
ரெண்டு காப்பி எடு. ஒண்ணு டிபார்ட்மென்ட்ல குடு, இன்னொண்ணுல ரிசீவ்டுன்னு தேதியோட சீல் வாங்கி உன் கையில வச்சுக்கோ.
ஃபிக்சர் வந்த அன்னைக்கே பி.டி. சார்கிட்ட லெட்டர் கேளு, அவருக்கு ஆயிரம் வேலை.
ஃபைனல் வரை போவோமோ மாட்டோமோன்னு யோசிக்காத, முழு நாளுக்கும் வாங்கிரு. தோத்துட்டா மறுநாள் கிளாஸ்ல போய் உக்காரு, ஒருத்தரும் அடிக்க மாட்டாங்க.
டீம்ல இல்லாத ஒரு ஃப்ரெண்ட் கிளாஸ்ல கண்டிப்பா வேணும். அழகா எழுதுறவன் வேண்டாம், தெனமும் வர்றவன் போதும்.

சப்போர்ட்னு காலேஜ்ல ஒண்ணும் இல்லையான்னு கேட்டா, பேப்பர்ல எல்லாம் இருக்கு. மென்டர் உண்டு, ரெமிடியல் கிளாஸ் உண்டு, காலேஜுக்கு கிரேடு போடுற நாக் டீம் வரும்போது காட்டுறதுக்கு அழகா ரெஜிஸ்டரும் உண்டு. எங்களுக்கு ரெமிடியல் கிளாஸ் வச்ச நேரம் கடைசி பீரியட் முடிஞ்ச உடனே, அதாவது நாங்க கிரவுண்ட்ல பூட் கட்டுற நேரம். அரியர் அதிகம் இருக்கறதே கிரவுண்ட்காரனுக்குத்தான், அவனுக்கு வர முடியாத நேரத்துல அவனுக்காக கிளாஸ்! நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து ஹெச்.ஓ.டி.கிட்ட பேசி மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அரை மணி நேரமாக்கினோம். கேட்டா மாத்திக் குடுக்கறாங்க, ஆனா யாராவது போய் கேக்கணும், கேப்டனுக்கு அதுதான் முதல் வேலைன்னு நான் சொல்லுவேன். அமெரிக்காவுல காலேஜ் ஸ்போர்ட்ஸ நடத்துற என்.சி.ஏ.ஏ. அமைப்போட ரூல்படி சீசன் நேரத்துல வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல பிராக்டிஸ் வைக்கக்கூடாதாம், பெரிய யுனிவர்சிட்டிகள்ல பிளேயர்ஸுக்குன்னே தனியா அட்வைசர், டியூட்டர் எல்லாம் உண்டு. நமக்கு சாப்பாட்டு நேரம் அரை மணி நேரம். செரி, அதுவும் கிடைச்சுதே.

படிக்கிற நேரம் பத்தி: விடியக்காலை மட்டும்தான். ராத்திரி கிரவுண்ட்லேர்ந்து வந்து குளிச்சு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்னுட்டு புக்க தொறந்தா அப்படியே மூஞ்சில விழும். நாலரைக்கு எழும்பினா ஆறரை வரைக்கும் ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. ராத்திரி முழிச்சு படிச்சு நல்லா எழுதுறவனும் இருப்பான், நான் பாத்ததில்ல. ட்ரெயின்ல தியரி மட்டும் படி. ஐலண்ட் எக்ஸ்பிரஸ்ல குழித்துறைல ஏறினா பெங்களூர் போய்ச் சேர ஒரு ராத்திரியும் பகலுமா ஆகும், பிசினஸ் லா முழுசா ஒரு ரவுண்டு ஓட்டிடலாம், ஆனா சம் போட நினைக்காத, அப்பர் பெர்த்ல தலை குனிஞ்சு பேலன்ஸ் ஷீட் போட்டா அசெட்டும் டாலி ஆகாது கழுத்தும் நேரா நிக்காது.

இனி ஊர் விஷயம். இத தனியா சொல்லணும், ஏன்னா எல்லாரும் இத டைம் வேஸ்ட்னு சொல்லி என்னை நிறுத்தப் பாத்தாங்க, அம்மா உட்பட.

எங்க ஊர்ல சர்ச் பக்கத்துல சாயங்கால டியூஷன் ஒண்ணு நடக்கு. ஓக்கி புயல் வந்தப்புறம் ஆரம்பிச்சது. 2017 நவம்பர் கடைசியில அப்பாவையோ அண்ணனையோ கடல்ல விட்ட பிள்ளைய அப்போ மூணாம் கிளாஸ், நாலாம் கிளாஸ்ல இருந்துது. அதுலதான் ஒரு செட் இப்போ பிளஸ் டூ வந்து நிக்குது. காமர்ஸ் எடுத்த பிள்ளையளுக்கு அக்கவுண்டன்சி சொல்லிக்குடுக்க ஆள் இல்லன்னு சர்ச்ல சொன்னாங்க, பிராக்டிஸ் இல்லாத நாள்ல நான் போனேன். புண்ணியத்துக்குன்னுதான் போனேன், ஆனா கார்ப்பரேட் அக்கவுண்டிங்ல நான் பாஸானது அதனாலதான்னு இப்ப சத்தியம் பண்ணுவேன். கம்பெனி கணக்கு பிளஸ் டூலயும் இருக்கு, நமக்கும் இருக்கு, முதல் யூனிட் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ஒரு நாள் பங்கு ஒறுப்பிழப்பு, அதான் ஷேர் ஃபார்ஃபீச்சர், மீதிப் பணம் கட்டாதவனோட ஷேர கம்பெனி பறிமுதல் பண்றது, நடத்திக்கிட்டு இருக்கேன். ஒரு பிள்ள கேட்டுது, "அண்ணே, அந்த ஷேர மறுவெளியீடு பண்ணும்போது தள்ளுபடி ஏன் பறிமுதல் பண்ணின தொகைக்கு மேல போகக்கூடாது?" எனக்கு ரூல் தெரியும், ஏன்னு தெரியாது. முழிச்சேன். அப்புறம் எங்க கிளப் ஜெர்ஸி கணக்க எடுத்தேன். "ஜெர்ஸி 400 ரூபா. ஒருத்தன் 150 குடுத்துட்டு மீதிய தராம டீமுக்கே வராம போயிட்டான். 150 நமக்கு, அவனுக்கு ஜெர்ஸியும் இல்ல. இப்ப அதே ஜெர்ஸிய வேற ஒருத்தனுக்கு குடுக்கப்போறோம், எவ்வளவு வரைக்கும் குறைக்கலாம்?" பின்னாடி உக்காந்திருந்த ஒரு சின்னப் பய, பத்தாம் கிளாஸ்தான், டக்குனு சொல்றான், "250-க்கு குடுத்தா 400 வந்துருமே, அதுக்கு கீழ குடுத்தா கிளப்புக்கு நட்டம்லா." அவ்ளோதான். 150-தான் அதிகபட்ச தள்ளுபடி. அந்த நிமிஷம் எனக்கே அப்பதான் புரிஞ்சுது. செமஸ்டர்ல அந்த சம் வந்தப்போ ஜெர்ஸிய நினைச்சு ஜர்னல் என்ட்ரி போட்டேன், மீதி லாபத்த கேப்பிட்டல் ரிசர்வுக்கு கொண்டுபோறதும் தானா வந்துது.

அதனால சொல்றேன், கிளாஸ் விட்டுப்போன போர்ஷன உனக்கு கீழ உள்ள ஒருத்தனுக்கு சொல்லிக்குடு. கிளாஸ்மேட்டுக்கு சொல்லிக்குடுத்தா அவன் தலையாட்டிருவான். சின்னப் பிள்ளைய விடாது, கேள்வி கேட்டே கொல்லும்.

இன்னொண்ணு, ஊர்ல ஃபுட்பால் சொல்லிக்குடுக்கறது. ஜூன் 1-லேர்ந்து ஜூலை 31 வரைக்கும் மேற்குக் கடல்ல தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரைல கிடக்கும், வீட்டுல ஆம்பளைய எல்லாம் இருப்பாங்க, காசு மட்டும் இருக்காது. காலேஜ் ஃபீஸ் கட்டுறதும் சரியா அந்த ஜூன்லதான் வரும், இத எந்த ஆபீஸ்ல சொன்னாலும் புரியாது. எனக்கு ஒரு வருஷம் ஃபீஸ்ல குறைஞ்சத போட்டது எங்க ஊர் கிளப். நான் சின்னப் பயலுவளுக்கு காலைல பந்து சொல்லிக்குடுக்கறேன்னுதான் குடுத்தாங்க, அப்படி யாரும் வாயால சொல்லல, ஆனா அதான். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் 2019-20-ல ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கப் அடிச்ச ஏ.டி.கே. டீம்ல ஆடினவரு, அதனால நம்ம பக்கம் ஃபுட்பால் ஆடுறேன்னா யாரும் திட்ட மாட்டாங்க. ஆனா அங்க வரைக்கும் எல்லாரும் போக மாட்டோம்னும் அவங்களுக்குத் தெரியும், அதான் டிகிரிய பத்தி கேட்டுக்கிட்டே இருப்பாங்க.

என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) சேரலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம், அதுபோக 7 நாள் ஸ்பெஷல் கேம்ப். டீம்ல ரெகுலரா ஆடுறவன் அந்த கேம்புக்கும் போனா மிச்சமிருக்க கிளாஸும் போயிரும். டிகிரில பாடத்துக்கு வெளிய உள்ள செயல்பாட்டுக்கான பார்ட் 5-க்கு எங்க காலேஜ்ல ஸ்போர்ட்ஸ்ஸயே எடுத்துக்கிட்டாங்க, உங்க காலேஜ்லயும் முதல் செம்லயே கேட்டு எழுதிக் குடுத்துருங்க. ஊர்ல சேவை பண்ண கார்டு தேவையில்ல.

கடைசியா, மறந்துராதீங்க:
இன்டர்காலேஜ் சர்டிபிகேட்ட மட்டும் வச்சுக்கிட்டு ஸ்போர்ட்ஸ் கோட்டான்னு போய் நிக்காதீங்க. யுனிவர்சிட்டிக்கு ஆடியிருந்தா ஃபார்ம் 3 வாங்கணும், அது யுனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸ் டைரக்டர் கையெழுத்தோட வரணும். படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே வாங்கிருங்க, அப்புறம் யுனிவர்சிட்டி இருக்க திருநெல்வேலிக்கு அலைய விட்டுருவாங்க. போலீஸ் வேலைல ஸ்போர்ட்ஸ் கோட்டா 10 சதவீதம், சும்மா இல்ல.
சர்டிபிகேட்ல பேரும் இனிஷியலும் மார்க் ஷீட்ல உள்ளபடியே இருக்கான்னு அங்கயே பாரு.
காயம் பட்டா மெடிக்கல் சர்டிபிகேட் அன்னைக்கே. கணுக்கால் வீங்கி கிடந்த வாரத்துக்கு ஓ.டி. கிடையாது.
ஹால் டிக்கெட் வர்ற நேரத்துல டூர் இருந்தா ஃப்ரெண்டுகிட்ட சொல்லி வச்சுட்டுப் போ.
பஸ்ல பூட்ட சீட்டுக்கு அடியில வைக்காத. போயிரும்.

என்னோட நோட்டெல்லாம் டியூஷன் அலமாரியில வச்சிருக்கேன், எந்த காலேஜ்காரனும் வந்து ஜெராக்ஸ் எடுத்துக்கலாம். கார்ப்பரேட் ரெண்டு செம்மும் இருக்கு, இன்கம் டாக்ஸ் இருக்கு ஆனா அது பழைய வருஷத்து ஸ்லாப், பாத்து எழுதுங்க. காஸ்டிங் நோட்ட மட்டும் எவனோ எடுத்துட்டுப் போயிருக்கான், லெஃப்ட் பேக் ஆடுறவன்னு சந்தேகம், குடுத்தா வச்சிருவேன்.