‘எனக்க’ என்றால் ‘என்னுடைய’: மார்த்தாண்டம் பக்கம் குடிபோகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் பேசுவதைக் கேட்டுவிட்டு “பாதி மலையாளம்” என்று சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும். கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இந்த வட்டங்கள் இன்றைய கேரளத்துக்கு முன்னோடியான திருவிதாங்கூர் – கொச்சி மாநிலத்தோடு இருந்தவை. அதனால் சில சொற்கள் இருபுறமும் பொது. ஆனால் “பைய வா” என்கிற ‘பைய’, திருக்குறளில் ‘பைய நகும்’ என்று வருகிற அதே சொல். மெதுவாக என்று பொருள். சென்னைக்காரர் அதைக் கைப்பை என்று நினைத்துத் தேடினால் குற்றம் பேச்சில் இல்லை.

நாகர்கோவில் வடசேரியில் களியக்காவிளை பேருந்து ஏறியதுமே பாடம் தொடங்கும். மாலையில் கூட்டம் நெரிக்கும், தக்கலை தாண்டும்வரை நிற்க இடம் கிடைத்தாலே பெரிது. நடத்துநர் “அங்கோட்டு நீங்கி நில்லுங்க” என்றால் உள்ளே தள்ளிப் போகச் சொல்கிறார். “இரிங்க” என்றால் உட்காருங்கள். மற்ற ஊர்களில் ‘இருங்க’ என்பது ‘பொறுங்க’ ஆகிவிடுவதால், காலி இருக்கைக்குப் பக்கத்திலேயே நின்று கொண்டிருப்பவர்கள் உண்டு. ‘சாடு’ என்றால் குதி. ரயிலில் வருகிறவர்கள் மார்த்தாண்டம் என்ற பெயரைத் தேட வேண்டாம், குழித்துறை நிலையத்தில் இறங்க வேண்டும்.

உண்மையான சிக்கல் சொற்களில் இல்லை, ‘க்க’வில் இருக்கிறது. எனக்க, உனக்க, அவனுக்க, அவளுக்க: எல்லாம் உடைமை. “எனக்க அண்ணனுக்க வீடு” என்றால் என் அண்ணனுடைய வீடு. வாடகைக்கு வீடு பார்க்கும்போது இதை ‘அண்ணனுக்கு வீடு’ என்று கேட்டுவிட்டால், வீடு ஏற்கெனவே போய்விட்டது என்று திரும்பி வந்துவிடுவீர்கள். பிரித்தறிய வழி உண்டு. ‘கு’ குறுகி நிற்கும். ‘க’ வாய் திறந்து முடியும். அது போதாவிட்டால் அடுத்த சொல்லைக் கவனியுங்கள். ‘அவனுக்க’ என்றதும் ஒரு பொருளோ ஆளோ வந்தாக வேண்டும்: அவனுக்க வண்டி, அவனுக்க தங்கச்சி. ‘அவனுக்கு’ என்றால் தெரியும், வேணும் என்று வினையே நேராக வரலாம். காது பழகும்வரை இதுதான் கைகொடுக்கும்.

சந்தையில் சொல் தெரியாவிட்டால் காசு போகும். சக்கை என்பது பலாப்பழம், கரும்புச் சக்கை அல்ல. கைதச்சக்கை அன்னாசி. அண்டிப்பருப்பு முந்திரி. கருக்கு இளநீர். வெறுமனே “வாழைப்பழம்” என்று கேட்காதீர்கள். மட்டியா, ஏத்தனா என்று பெயர் சொல்லி, கிலோவுக்கா, பழத்துக்கா என்று விலையையும் சேர்த்துக் கேளுங்கள். மட்டி விரல் நீளம்தான், ஆனால் அந்த மணம் வேறெந்தப் பழத்துக்கும் கிடையாது! 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம்.

மரச்சீனி என்றதும் சர்க்கரை என்று எண்ண வேண்டாம், மரவள்ளிக் கிழங்கு. தோலுரித்துத் துண்டாக்கி, உப்பிட்டு வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். கொட்டாவிட்டால் கசப்பு நிற்கும். பிறகு தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், மஞ்சள் கொரகொரப்பாக அரைத்துச் சேர்த்து மசித்தால், தேங்காய் அரைத்த மீன்கறிக்கு அதைவிடப் பொருத்தமான துணை இல்லை. பெரிய செலவும் இல்லை. கூட ஒரு கட்டஞ்சாயா, அதாவது பாலில்லாத தேநீர். குடிக்க ‘வெள்ளம்’ வேண்டுமா என்று கேட்டால் தண்ணீர்தான், பயப்பட ஒன்றுமில்லை.

ஆட்டோவில் ஏறுமுன் கூலி பேசிவிடுங்கள். இறங்குமிடத்தைத் தெருப் பெயரால் சொன்னால் புதியவர் என்று தெரிந்து தொகை ஏறும். எந்த முக்கு என்று சொல்லுங்கள். முக்கு என்றால் சந்திப்பு. ஓட்டுநரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டால் போதும். மக்கா, லேய் எல்லாம் நெருங்கியவர்களுக்குள் புழங்குவது, முதல் வாரத்திலேயே எடுத்து வீசினால் முகம் சுளிப்பார்கள். ஆனால் வயதான கடைக்கார அம்மா உங்களை “மக்ளே” என்று அழைத்தால், “சொல்லுங்கம்மா” என்று நின்று பேசிவிட்டுப் போங்கள்.