விலையையும் சேத்து சொல்லுங்க

நாய் வளக்குறவங்க நாலு பேரு ஒரு இடத்துல உக்காந்தா அங்க அஞ்சு டாக்டர் இருப்பாங்க. நான் வேலை செய்யுறது மலேசியாவுல கெடா மாநிலத்துல, கோலக்கெட்டில் பக்கம் ஒரு சின்ன கிளினிக்ல. ஊர்ல நாய் கிளினிக்னுதான் சொல்வாங்க, பூனையும் சண்டைக்கோழியும் கூட வரும். பேரு எழுதுறது, எடை போடுறது, காசு வாங்குறது, நாய் கழுத்துக்கயித்த உருவிட்டு ஓடுனா கதவ சாத்துறது எல்லாம் நான்தான். சுத்தி எண்ணெய் எடுக்குற செம்பனையும் ரப்பரும். தோட்டத்து லயத்துல இருந்தும் வருவாங்க, தோட்டத்த விட்டு தாமான்னு சொல்ற குடியிருப்பு வீட்டுக்கு மாறுனவங்களும் வருவாங்க, சுங்கைப்பட்டாணில இருந்து கார் எடுத்துட்டு வர்றவங்களும் உண்டு. எல்லாரும் உக்கார ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பேன். டாக்டர் ரூம விட அந்த நாற்காலிலதான் அட்வைஸ் அதிகம்.

ஒரு நாள் தோட்டத்துல வேலை செய்யுற அண்ணன் ஒருத்தர் நாயோட வந்தாரு. துணி காயப்போடுற கயிறுதான் கழுத்துல. காது ரெண்டும் உண்ணி, உள்பக்கம் திராட்சை மாதிரி தொங்குது. எதிர்ல சீட்சூ ஜாதி நாய மடியில வச்சிருந்த அக்கா பாத்தாங்க பாத்தாங்க, அப்புறம் ஆரம்பிச்சுட்டாங்க, "வளக்க வக்கில்லன்னா எதுக்கு வளக்குறீங்க, இது பாவம் இல்லையா, உங்க மேல கேஸே போடலாம் தெரியுமா, ஒரு லட்சம் வெள்ளி அபராதம்." சட்டம் உண்மைதான், 2015-ல போட்ட விலங்கு நலச் சட்டத்துல கொடுமைப்படுத்துனா அபராதம் ஒரு லட்சம் வெள்ளி, அதான் ரிங்கிட், வரைக்கும் போகும், ஜெயிலும் உண்டு. உண்ணில இருந்து காய்ச்சல் வரும், ஈறு வெளுக்கும், மூக்குல ரத்தம் வரும்னு அவங்க சொன்னதும் சரி. ஆனா அந்த அண்ணன் கையில என்ன வச்சிருந்தாருன்னு யாரும் பாக்கல. ஒரு பால் டின்னு, அடியில கொஞ்சம் மண்ணெண்ணெய், அதுல கறுப்பா மொச்சுக் கிடக்குது, சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து உக்காந்து ஒன்னொன்னா புடுங்கி அதுல போட்டிருக்காரு. காத்துக்கிட்டு இருந்தப்பவும் நகத்தால புடுங்கிக்கிட்டுதான் இருந்தாரு. அவருக்கு தெரியாத விஷயம் ஒன்னே ஒன்னு, உண்ணி அதோட வாழ்க்கையில பாதிக்கு மேல நாய் மேல இருக்காது, சுவத்து வெடிப்புல, பலகை இடுக்குல இருக்கும், ஒரு பொட்டை ஆயிரக்கணக்குல முட்டை போடும். நாய்க்கு மருந்து போட்டு, படுக்குற எடத்துக்கும் மருந்து அடிச்சாதான் நிக்கும். இத சொல்ல அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்துல அவர் கெட்டவருன்னு சொல்லி முடிச்சாங்க. "வேலைக்கு நேரமாச்சு தங்கச்சி"ன்னு என்கிட்ட சொல்லிட்டு நம்பர் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு. நாயும் கூடவே போச்சு, உண்ணியும் போச்சு.

அதுக்காக இனிக்க இனிக்க பேசுறது நல்லதுன்னு சொல்ல மாட்டேன். நம்ம ஆளுங்களுக்கு பெரியவங்க முகத்துக்கு நேரா இல்லன்னு சொல்ல வராது, "பாக்கலாம் அங்கள், சரியாயிரும்" அப்படின்னுதான் வாய்ல வரும், அத கேக்குறவங்க சரி சம்பளம் போட்டதும் கொண்டு வரலாம்னு நினைச்சுப்பாங்க. பார்வோன்னு ஒரு வைரஸ் நோய், அது வந்த நாய்க்குட்டிக்கு சம்பள நாள் வரைக்கும் டைம் கிடையாது. வாந்தி, ரத்தப்பேதி, அந்த நாத்தம் இருக்கே, வாசல் கேட்டுக்குள்ள வரும்போதே எனக்கு தெரிஞ்சிரும்.

எங்க டாக்டர் ஈப்போக்காரங்க, சீனவங்க, எல்லார்கிட்டயும் மலாய்லதான் பேசுவாங்க, அதுவும் கட்டையா. மொத தடவை கேட்டவங்க கோவக்காரின்னு நினைப்பாங்க. அவங்க சொல்றது இவ்வளவுதான்: இது பார்வோ, இந்த வைரஸ கொல்லுறதுக்குன்னு தனியா மருந்து இல்ல, ட்ரிப் போட்டு தாங்க வைக்கிறதுதான் வழி, பிழைக்கலாம் பிழைக்காமயும் போகலாம், ஒரு நாளைக்கு இவ்வளவு ஆகும், அத்தனை நாள் கட்ட முடியலன்னா இப்பவே சொல்லுங்க, வேற என்ன செய்யலாம்னு பாப்போம். குறைஞ்சபட்ச சம்பளத்த 2025-ல 1,700 வெள்ளி ஆக்குனாங்க. நாலு நாள் ட்ரிப்பு போட்டா அதுல எவ்வளவு போகும்னு அந்த மனுஷனுக்கு உடனே கணக்கு போடத் தெரியும், நாமதான் தொகைய சொல்லாம "உயிருக்கு விலை உண்டா"ன்னு வசனம் பேசிக்கிட்டு இருக்கோம். சீட்சூ அக்கா பேச்சும் கறார்தான், டாக்டர் பேச்சும் கறார்தான். டாக்டர் பேச்சுல விலை இருக்கும், அடுத்து என்ன செய்யணும்னு இருக்கும், முடியாதவனுக்கும் ஒரு வழி இருக்கும். இது மூணும் இல்லாத கறார் பேச்ச நான் அட்வைஸ் கணக்குலயே சேக்க மாட்டேன். அது பேசுறவங்க மனசு குளிர பேசுறது.

குட்டி செத்துப்போனா அழுதுட்டு அடுத்த வாரமே அதே ஈத்துல இன்னொரு குட்டிய தூக்கிட்டு வந்துருவாங்க, பிள்ளைங்க சாப்பிடலைன்னு. அந்த வைரஸ் மண்ணுல மாசக்கணக்குல கிடக்கும், ஒரு வருஷம் வரைக்கும் கூட. பிளீச் ஒரு பங்கு, தண்ணி முப்பது பங்கு கலந்து சிமெண்டு தரைய கழுவணும், புது குட்டிக்கு தடுப்பூசி எல்லாம் முடியாம அந்த வாசலுக்கே கொண்டு போகக் கூடாது. அழுதுக்கிட்டு இருக்கவங்ககிட்ட இத எப்படி சொல்றது? நான் பில் போடும்போது சொல்லிருவேன், "இப்ப சொல்றது நல்லா இருக்காதுக்கா, ஆனா நாளைக்கு நீங்க வர மாட்டீங்க, அதான்." கோவிச்சுக்கிட்டவங்க கம்மி.

கேக்குற விதமும் இருக்கு. "மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?"ன்னு கேட்டா எல்லாரும் இல்லம்பாங்க, போலீஸ்ல கேக்குற மாதிரி இருக்குல்ல. "பனடோல் ஒன்னு ரெண்டு குடுத்து பாத்திருப்பீங்க, எல்லாரும் செய்யுறதுதான், எத்தனை குடுத்தீங்க?"ன்னு கேட்டா எண்ணிக்கை தானா வரும். அந்த காய்ச்சல் மாத்திரையால நாய்க்கு ஈரல் கெடும், பூனைக்கு ஒரு மாத்திரையே உயிர எடுத்துரும், அதனால அந்த எண்ணிக்கை டாக்டருக்கு முக்கியம். எலி மருந்தும் அப்படித்தான். செம்பனைல எலித் தொல்லை ஜாஸ்தி, ஆந்தைக்கு கூண்டு வச்சு வளக்குற தோட்டமும் இருக்கு, மருந்துக்கட்டி போடுற தோட்டமும் இருக்கு. அத தின்ன நாய் அன்னைக்கே படுக்காது, ரெண்டு மூணு நாள் கழிச்சு ரத்தம் உறையாம கசிய ஆரம்பிக்கும், வீட்ல மோட்டார் பைக் அடிச்சிருச்சுன்னு நினைப்பாங்க. "தோட்டத்துப் பக்கம் சுத்துமா, மருந்து எப்ப போட்டாங்க"ன்னு சாதாரணமா கேட்டாலே போதும், விட்டமின் கே குடுத்து காப்பாத்த வழி இருக்கு.

மரியாதை பாக்காத விஷயமும் எனக்கு ஒன்னு இருக்கு. 2013-ல நம்ம நாட்டுல வெறிநாய்க்கடி நோய் இல்லன்னு உலக அளவுல ஒத்துக்கிட்டாங்க, 2015-ல பெர்லிஸ், கெடா, பினாங்குன்னு திரும்ப வந்திருச்சு, 2017-ல சரவாக்குல மனுஷங்களே செத்தாங்க. "சும்மா பல்லு பட்டுச்சு"ன்னு மஞ்சள் வச்சுட்டு வர்ற தாத்தாகிட்ட கூட நான் தாத்தான்னு பாக்க மாட்டேன், பைப்ப தொறந்து சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவுங்க, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க, நாய அப்புறம் பாப்போம்.

அட்வைஸ் சொல்ற விஷயத்துல நான் பாத்த நல்ல பண்பு ஒரு மலாய்க்கார மாக்சி, அதாவது ஆண்டி, அவங்ககிட்டதான். கிளினிக் வாசல்ல செருப்ப கூட கழட்டாம வெளியவே நின்னுக்கிட்டு, பக்கத்து வீட்டு நாய் ரெண்டு நாளா திங்கல, அவங்க ரெண்டு பேரும் ஷிஃப்ட் வேலை, பாத்திருக்க மாட்டாங்க, நான் சொன்னேன்னு சொல்ல வேணாம், நீங்களா போன் போட்ட மாதிரி போடுங்கன்னு சொல்லிட்டு போனாங்க. தொடவும் இல்ல, குறை சொல்லவும் இல்ல.

நான் இப்ப பேரு எழுதும்போதே தொகைய சொல்லிர்றேன், பாக்க இவ்வளவு, ஊசி போட்டா இவ்வளவு, பாதிய அடுத்த மாசம் குடுக்கலாம். ஒரு ஆண்டி "காசு இல்லாதவன்னு நினைச்சியா"ன்னு சத்தம் போட்டாங்க. அதனால ஆள் பாத்து சொல்றத விட்டுட்டேன், பென்ஸ்ல வந்தாலும் அதே வார்த்தைதான். டாக்டருக்கு இது புடிக்கல, பாசார் சந்தைல மீன் விக்கிற மாதிரி இருக்காம். ஒரு போர்டு எழுதி மாட்டிரலாமான்னு கேட்டேன், யோசிக்கிறேன்னாங்க. அது போன தீபாவளிக்கு முன்னாடி.