ஸ்வான்சீ பள்ளத்தாக்கின் பழைய வரைபடம்: ஆற்றை நம்பாதீர்கள்

வேல்ஸின் டாவே ஆற்றங்கரைச் செப்பு உருக்காலைகளை 19ஆம் நூற்றாண்டு ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டன் அரசின் நில அளவைத் துறை) வரைபடத்தில் தேடுகிறவர்களுக்கு. தாள்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசம். பள்ளத்தாக்கை மொத்தமாகப் பார்க்க மைலுக்கு 6 அங்குலம் என்ற அளவிலான தாள் (1:10,560, 1 செ.மீ.க்குச் சுமார் 106 மீட்டர்). கட்டடம் கட்டடமாக வேண்டுமென்றால் 1:2,500தான், ஆனால் அதில் சமவுயரக் கோடு கிடையாது.

இன்றைய வரைபடத்தோடு பொருத்தும்போது சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: ஆற்று வளைவைக் குறிப்புப் புள்ளியாக எடுப்பது. 1840களில் ஸ்வான்சீ நகரருகே டாவேக்குப் புது வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். பழைய வளைவு 1852இல் வடக்குத் துறைமுகமானது, பிறகு அதையும் மூடியாயிற்று. சர்ச், ரயில் பாலம் மாதிரி அசையாத 6 புள்ளியாவது தாளெங்கும் பரவலாக வையுங்கள். ஒரு பக்கமாகக் குவித்தால் எதிர்மூலை கோணிக்கொண்டு போகும்.

கசடு மேடுகளை (செம்பு உருக்கியபின் கொட்டிய கழிவுக் குவியல்களை)ச் சமவுயரக் கோட்டில் தேடாதீர்கள், மயிரிழைச் சரிவுக் கீற்றுகளாக இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். உயரங்கள் அடிக்கணக்கில், லிவர்பூல் கடல்மட்டத்திலிருந்து. இன்றைய வரைபடங்கள் பயன்படுத்தும் நியூலின் கடல்மட்ட அளவிலிருந்து நேரே கழித்துவிடக் கூடாது. ஓரத்தில் அளந்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு இரண்டும் இருக்கும். ஆலை எப்போது இருந்தது என்பதற்கு முதலாவதுதான் கணக்கு.