சதுரகிரியில் இரவுகள் இருந்த காலம்

மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் சதுரகிரியில் இரவு தங்கிய தலைமுறை எங்களோடு முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். அப்போதெல்லாம் மதியத்துக்கு மேல் தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்குவோம். இருட்டும் வேளையில் சுந்தர மகாலிங்கம் சன்னதியைத் தொட்டுவிடுவோம். மடத்தில் யார், எந்த ஊர் என்று கேட்காமல் இலை போட்டுச் சோறு போடுவார்கள். வெறுந்தரையில் துண்டை விரித்துப் படுத்து, விடியற்காலைப் பூஜையைக் கண்ட பிறகுதான் இறக்கம்.

தை அமாவாசைக்கு மறுபடியும் போனேன். அடிவாரத்தில் வனத்துறையினர் பையைப் பிரித்துப் பார்த்தார்கள். பிளாஸ்டிக்கும் தீப்பெட்டியும் மேலே போகக் கூடாது. காலையில் குறித்த நேரம் வரைதான் கேட் திறந்திருக்கும். பொழுது சாய்வதற்குள் அத்தனை பேரும் இறங்கியாக வேண்டும். சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு 2015 மே மாதம் நினைவுக்கு வந்தது. வைகாசி அமாவாசைக்காக வந்த கூட்டம் மலையில் இருந்தபோதுதான் காட்டாற்று வெள்ளம் பாய்ந்து பக்தர்களை அடித்துக்கொண்டு போனது. மேலே பெய்யும் மழை கீழே வெயில் காயும்போதே ஓடையில் வந்து இறங்கிவிடும். வறண்டு கிடக்கிற ஓடையைக் கடக்கும்போதும் இப்போது கால் தானாக வேகம் பிடிக்கிறது. கட்டுப்பாடுகள் இறுகியது அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான். 2021-இல் இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது.

வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம் என்று தடம் அதேதான். மூச்சு வாங்குகிற இடங்கள்கூட மாறவில்லை. ஆனால் வழியோரத்தில் பாட்டில்களும் பொட்டலத் தாள்களும் குவிந்து கிடந்த இடங்களில் சருகு மட்டும் கிடக்கிறது. எலுமிச்சைச் சாறு விற்ற கடைகள் இல்லை. இரட்டை லிங்கத்துக்கு மேலே ஒரு மரத்தில் சாம்பல் நிற மலை அணில் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது. கூட்டமும் கடைகளும் நிறைந்திருந்த நாட்களில் நான் அதைக் கண்டதே இல்லை.

காவல் தெய்வமான பிலாவடிக் கருப்பரை வணங்கிவிட்டு மேலே போனால் மடங்கள் இருந்த பக்கம் வெறிச்சோடியிருந்தது. அங்கேதான் மனம் கனத்துவிட்டது. சாய்ந்த நிலையில் இருக்கும் சுந்தர மகாலிங்கத்தைப் பார்க்கும்போது பச்சைமால் கதை நினைவுக்கு வராமல் போகாது. மாடு மேய்த்த பச்சைமால், தன் பசுவின் மடியில் ஒரு சந்நியாசி பால் குடிப்பதைப் பார்த்துக் கோபத்தில் கம்பால் அடித்துவிட்டான். அடிபட்டவர் சிவன். அந்த அடியில்தான் லிங்கம் சாய்ந்தது என்பார்கள். பசியோடு வந்த தெய்வம் குடிகொண்ட மலை இது. அதனால்தான் இங்கே பசித்தவருக்குச் சோறு போடுவதை அபிஷேகத்துக்குச் சமமாக எண்ணினார்கள். அந்த அடுப்புகள் அணைந்ததை என்னால் சிறிய இழப்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனாலும் இரவுத் தங்கலை மறுபடி கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆயிரக்கணக்கானோருக்கு உலை வைக்க எவ்வளவு விறகு வெட்டப்பட்டிருக்கும், எவ்வளவு கழிவு ஓடையில் இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இந்தத் தடை சரிதான். காடு இல்லாவிட்டால் சுனை இல்லை. சுனை வற்றினால் அபிஷேகத்துக்குத் தண்ணீர் ஏது?

மலையில் இருக்கும் இன்னொரு சிவன் சன்னதியான சந்தன மகாலிங்கத்தையும் தரிசித்துவிட்டு வெயில் தாழும் முன் இறங்கிவிட்டேன். அன்னதானம் செய்ய நினைப்பவர்கள் அதைத் தாணிப்பாறை அடிவாரத்திலேயே செய்யலாம். வெறும் வயிற்றோடு இறங்கி வருகிற வயதானவர்கள் மாலையில் அங்கே நிறைய இருக்கிறார்கள். ஏறுகிறவர்கள் எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீரும், வாழை இலையில் கட்டிய புளிசாதத்தில் ஒரு பொட்டலம் கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டுச் சாப்பிடக் கூச்சப்படுகிறவர்கள் வழியில் கட்டாயம் இருப்பார்கள்.