புரட்டாசிச் சரக்கும் முடங்கிய துறைமுகமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புரட்டாசி பிறந்தால் பருப்பும் அப்பளமும் கடையில் தங்காது. மாதம் முழுக்கக் கறி, மீன் தொடாத வீடுகள் இங்கே அவ்வளவு. ஆகஸ்டிலேயே சரக்கு குடோனுக்கு வந்துவிட வேண்டும். 2021இல் தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் கப்பல் மாறி வந்த எங்கள் கண்டெய்னர் சரியாக ஜூலையில் மாட்டியது.

முதலில் கலவரம். முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போனதும் மூயி ரிவர் என்ற ஊருக்கு அருகே என்3 சாலையில் லாரிகளை எரித்தார்கள். அது அடங்கி லாரி கிடைக்கத் தொடங்கிய நேரத்தில், ஜூலை 22 அன்று துறைமுகக் கணினிகள் மேல் சைபர் தாக்குதல். எந்தப் பெட்டி எந்த அடுக்கில் கிடக்கிறது என்று திரைதானே சொல்லும்? காகிதத்தில் எழுதி எழுதிப் பெட்டி இறக்கினார்கள்.

எனக்குச் சரக்கைவிட டெமரேஜ்தான் பயம், அதாவது பெட்டியை நேரத்துக்கு எடுக்காவிட்டால் கப்பல் கம்பெனி போடும் தாமதக் கட்டணம். இலவச நாட்கள் முடிந்ததும் ஆட்டோ மீட்டர் மாதிரி ஓட ஆரம்பித்துவிடும். பில் வந்தபின் சண்டை போட்டுப் பயனில்லை, இப்போதே எழுதுங்கள் என்றார் சுங்க வேலைகளை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட். தங்கள் கையை மீறிய காரணத்தால் வேலை நடக்கவில்லை என்று துறைமுகம் விட்ட ஃபோர்ஸ் மஜூர் அறிவிப்பு, லாரிக்கு நேரம் கிடைக்காமல் திரும்பி வந்த மெயில்கள், கண்டெய்னர் எண் எல்லாவற்றையும் சேர்த்துக் கப்பல் கம்பெனிக்கு அனுப்பினேன். பதில் வராதபோது அதே மெயிலின் கீழேயே நினைவூட்டினேன். கடைசியில் முழுதாக இல்லாவிட்டாலும் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள். வாயால் சொன்னதற்கு அங்கே மதிப்பே இல்லை.

அந்த வாரங்களில் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் படித்தேன். இந்த நாட்டில் கலவரச் சேதத்துக்குச் சாதாரண பாலிசி காசு தராது. 1979இல் தொடங்கிய சஸ்ரியா என்ற அரசு நிறுவனத்தின் காப்பு தனியாகச் சேர்ந்திருக்க வேண்டும். எங்களுடையதில் இருந்தது. குடோனும் தப்பியது.

அப்புறம் நாற்பது அடிப் பெட்டி ஒன்றுக்குப் பதில் இருபது அடிப் பெட்டிகள் இரண்டு, வேறு வேறு கப்பலில் என்று மாற்றினோம். 2022 சித்திரைப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு வெள்ளம். 400க்கும் மேற்பட்டோர் இறந்த ஊரில் எங்கள் பருப்புக் கவலை சின்னதுதான். ஆனாலும் கண்டெய்னர் முனையத்துக்குப் போகும் பேஹெட் சாலை உடைந்தபோது, முதல் பெட்டி குடோனில் இருந்ததால் வழக்கமான கடைகளுக்குச் சரக்கு நிற்கவில்லை.

இரண்டு பெட்டி என்றால் வாடகை கூடுதல். முதலாளி ஒவ்வொரு பில்லுக்கும் முனகுவார், ஆனால் கையெழுத்துப் போட்டுவிடுவார்.