ஓட்டை விழுவது தோட்டத்தில்

பசிபிக் தீவு நாடான டோங்காவின் மரவுரி, அதாவது மரப்பட்டையை அடித்துச் செய்யும் துணி, என்றதும் கொட்டாப்புளிச் சத்தம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் துணியின் தரத்தில் பாதி தோட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. இதற்குப் பட்டை தரும் காகித மல்பெரிச் செடியின் தண்டில் பக்கத்துளிர் விட்டால் உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டுவைத்த ஒவ்வொரு கிளையும் பட்டையில் ஒரு கண். அடித்து விரிக்க விரிக்க அந்தக் கண்தான் ஓட்டையாகப் பெரிதாகும். பிறகு ஒட்டுப்போடலாம், ஒட்டு தெரியாமல் போடுவது அபூர்வம்.

ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் தண்டை வெட்டிவிடுவார்கள். பட்டையை நீளமாக உரித்து, மேல்தோலைச் சுரண்டி எடுத்து, உட்புறம் வெளியே வரும்படி சுருட்டி வைப்பார்கள். பட்டையின் பிறவி வளைவு அப்போதுதான் நிமிரும். காய்ந்த பட்டையை ஊறவைக்காமல் கட்டைக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது.

அடிக்கும் கட்டையின் பெயர் 'இகே'. நான்கு முகம். வரிப்பள்ளம் வெட்டிய முகத்தில் தொடங்கி வழவழப்பான முகத்தில் முடிக்க வேண்டும். பள்ளங்கள் நாரைப் பக்கவாட்டில் தள்ளுவதால் நீளம் அப்படியே இருக்க, அகலம் இரண்டு மூன்று மடங்காகும். கை நகராமல் ஒரே இடத்தில் அடி விழுந்தால் பட்டை சல்லடைதான்.

அலங்கரித்த துணி 'ஙத்து'. (நம் மொழியில் ஙகரம் சொல்லின் முதலில் வருவதே அரிது.) அடியில் 'குபேசி' இருக்கும்: தாழை ஓலைமேல் தென்னை ஈர்க்கை வளைத்துத் தைத்த அச்சு. அதன்மேல் ஓர் அடுக்கு, அதற்குக் குறுக்கே இன்னோர் அடுக்கு. அரைவேக்காட்டு அரோரூட் கிழங்கையே கையில் பிடித்துத் தேய்த்து ஒட்டுவார்கள். பிறகு 'கோக்கா' மரப்பட்டைச் சாயத்தைத் துணிப்பொதியில் தொட்டு அழுத்தித் தேய்த்தால், காகிதத்துக்கு அடியில் காசை வைத்துப் பென்சில் தேய்த்ததுபோல ஈர்க்கின் வரி மேலெழும். இதே மரம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கிறது.

பசை திரண்டிருந்தால் வரி மழுங்கும். சாயம் நீர்த்திருந்தால் ஈரத்தில் துணி கிழியும். 'லௌனிமா' என்னும் பெருந்துணிக்கு 50 கட்டம். பெண்கள் அச்சு விரித்த மேடையின் இருபுறமும் அமர்ந்து கட்டம் கட்டமாக நகர்த்துவதால், ஒருவர் கை தளர்ந்தாலும் அந்தக் கட்டம் மட்டும் வெளிறி நிற்கும்.

கடைசியில் கருஞ்சாயத்தால் வரிகளின்மேல் தூரிகை ஓட்டுவார்கள். எங்கள் கண்ணுக்கு அதற்கு முந்தைய மங்கலான பழுப்பே அழகு. இன்னொரு பசிபிக் தீவான சமோவாவின் 'சியாப்போ மாமனு' என்னும் மரவுரியில் அச்சே கிடையாது, எல்லாம் கைவரைவு.

ஙத்துவை இடுப்பில் சுற்றிக்கொண்டு மழையில் இறங்கிவிடக் கூடாது. பசை இளகி அடுக்குகள் பிரிந்துவிடும், துவைக்கவும் வழியில்லை. மடிப்பிலேயே வருடக்கணக்கில் கிடந்தால் மடிந்த இடம் நைந்து வெடிக்கும். சுருட்டி வைப்பதே நல்லது.